முந்திரியைப் பொறுக்கிவிட்டுக் கொடுத்த பாயசம்

போன மாதம் ஒரு முகூர்த்த நாள். பல் துலக்கி முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் கனடாவுக்கும் காஞ்சிபுரத்துக்கும் சண்டை.

கனடா கட்சி, என் தம்பி மனைவி கவிதா. காஞ்சிபுரம் கட்சி, தம்பி சேகர். லீவுக்கு வந்த இடத்தில் அவனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரியில் நல்ல வேலை தகைந்திருந்தது. அந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"அங்க என்னா இருக்குது? பக்கத்து ஃப்ளாட்ல யார் இருக்காங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது" என்றான் சேகர்.

"தெரியலன்னா என்ன? குழாய்த் தண்ணிய அப்படியே குடிக்கிறோம். பஸ் சொன்ன நேரத்துக்கு வருது. நிலாவுக்கு என்ன ஆவாதுன்னு ஸ்கூல்ல கூட்டிப் பெருக்கறவங்களுக்குக்கூடத் தெரியும். இங்க யாருக்குப் புரியும், சொல்லு?"

நிலா அவர்கள் மகள். ஆறு வயது. அவளுக்கு முந்திரி ஆகாது. நாம் 'கத்திரிக்காய் ஆவாது, அரிக்கும்' என்போமே, அந்த ரகம் இல்லை. தொண்டை வீங்கி மூச்சே நின்றுவிடும். அதற்கென்றே தடித்த பேனா மாதிரி இரண்டு ஊசிகள் எப்போதும் கவிதாவின் கைப்பையில் இருக்கும்.

நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். வாரா வாரம் உங்களிடம் நியாயம் பேசுகிறவள்தான்... வீட்டுக்குள் வாய் திறக்க முடியுமா?

அன்று எதிர்வீட்டு வசந்தாக்காவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். வசந்தாக்காவும் அவர் கணவரும் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டு நெய்கிறவர்கள். நிலா வந்ததிலிருந்து பாதி நேரம் அவர்கள் வீட்டில்தான். உள்ளே நுழைந்ததுமே கவிதா சொன்னாள். "அக்கா, பாப்பாவுக்கு முந்திரி மட்டும் ஆவாது."

"நான் பாத்துக்கறேம்மா, நீ கவலப்படாத."

பார்த்துக்கொள்ளவும் செய்தார். வினையே அதுதான்.

பந்தியில் நான் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நிலா இருமினாள். "அம்மா, நாக்கு இட்ச்சியா இருக்கு, அரிக்குது."

கவிதா திரும்பினாள். குழந்தையின் மேலுதடு தடித்திருந்தது. கன்னத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. இலையோரம் பாயசக் கப் காலி.

"அக்கா... பாயசத்துல முந்திரி போட்டீங்களா?"

"கொழந்தைக்கு அது இல்லம்மா! நானே என் கையால ஒண்ணுவிடாம பொறுக்கி எடுத்துட்டுத்தான் குடுத்தேன்" என்றார் வசந்தாக்கா, பெருமையாக.

கவிதா கத்தவில்லை. குழந்தையை அப்படியே மடியில் சாய்த்தாள். பையிலிருந்து ஊசியை எடுத்துத் தொடையில் கவுனோடு சேர்த்து அழுத்தினாள். அழுத்தியபடியே பிடித்திருந்தாள். நிலா அலறினாள். பந்தி மொத்தமும் எழுந்துவிட்டது. ஒருவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர், "திருஷ்டிபா, மொளகா சுத்திப் போடு" என்றார். "நெய்யில பொரிஞ்ச முந்திரிக்கா இந்த ஆட்டம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இந்த ஊசி கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே" என்றாள் கவிதா.

வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. கவிதா, குழந்தை, சேகர், நான். டிரைவர் பக்கத்தில் யாரும் கூப்பிடாமலேயே வசந்தாக்கா தொற்றிக்கொண்டார்.

காந்தி ரோடு... முகூர்த்த நாளில் அந்த ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கல்யாணப் புடவை எடுக்க வந்த வேன்கள் இரண்டு பக்கமும். நடுவில் பஸ். ஆட்டோ நின்றது. நின்றது நின்றதுதான்.

நிலாவுக்கு இப்போது மூச்சு இழுத்தது. விசில் மாதிரி ஒரு சத்தம். "அம்மா" என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. கவிதா இரண்டாவது ஊசியையும் போட்டாள்.

"அண்ணி, இதுக்கப்புறம் எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

சேகர் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போப்பா, போப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் எங்கே போவார்?

திடீரென்று வசந்தாக்கா கீழே குதித்தார். காலில் செருப்பில்லை. நிச்சயதார்த்தப் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினார். முதல் வேனின் பக்கவாட்டில் ஓங்கி ஓங்கி அறைந்தார்.

"எட்ரா வண்டிய! உள்ள கொழந்த மூச்சு வுட முடியாம தவிச்சிக்கினு இருக்குது, எட்ரா!"

வேன் நகர்ந்தது. கடைப் பையன்கள் இறங்கி பைக்குகளைத் தூக்கியே ஓரம் வைத்தார்கள். பஸ் கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டு நடந்தார். அவருக்கும் முன்னால் வசந்தாக்கா. நெரிசல் மெல்லப் பிளந்தது. ஆட்டோ அந்தப் பிளவுக்குள் நுழைந்து பறந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண். என்ன சாப்பிட்டாள், எப்போது, எத்தனை ஊசி என்று கேட்டாள். கவிதா பிசிறில்லாமல் பதில் சொன்னாள். சேகர் இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டினான். "சார், அத உள்ள வைங்க. குழந்த கைய அசையாம பிடிங்க!"

மறுபடியும் ஊசி, ஆக்சிஜன், டிரிப். விசில் சத்தம் மெதுவாக, மிக மெதுவாக அடங்கியது. பிறகு நிலா கண்ணைத் திறந்து, "என் இன்னொரு செருப்பு எங்கம்மா?" என்றாள். சேகர் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான்.

வராந்தாவுக்கு வந்ததும் வெடித்தான். "நீ சொன்னதுதான் கவிதா கரெக்ட். இந்த ஊரே வேணாம். போயிடலாம்."

படிக்கட்டு முனையில் வசந்தாக்கா நின்றிருந்தார். ரோட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். உள்ளே வரத் தைரியமில்லை. கவிதா நேராக அவரிடம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, பொறுக்கி எடுத்தா பத்தாது. அது பட்ட கரண்டிகூட அவளுக்கு விஷம்."

"கொன்னுட்டிருப்பேனேம்மா..." வசந்தாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆமாக்கா" என்றாள் கவிதா. சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உள்ள வாங்க. நான் பாத்ரூம் போயிட்டு வர்றேன். அவ கையப் புடிச்சிக்கினு உக்காருங்க" என்றாள்.

சாயங்காலம் என்னிடம் சொன்னாள். "அங்கேயும் ஒரு தடவ இப்படி ஆச்சு, அண்ணி. இவர் வேலைக்குப் போயிருந்தார். போன் பண்ணதும் ஆம்புலன்ஸ் வந்துட்டுது, ரோடெல்லாம் தானா வழி வுட்டுது. ஒரு கொறையும் இல்ல. ஆனா அன்னிக்குப் பூரா பாத்ரூம் போவக்கூட நான் எந்திரிக்கல. இவள யார்கிட்ட வுட்டுட்டுப் போறது?"

அப்படியானால் இங்கேயே இருந்துவிடுவாளா? நானும் ஆசையாகக் கேட்டேன்.

"இல்ல அண்ணி. அவ தானே ஊசி போட்டுக்கற வயசு வரட்டும். அதுவரைக்கும் அங்கதான்."

போய்விட்டார்கள். சேகர் அந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டான். வசந்தாக்கா இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் நேரே சமையல் கட்டுக்குத்தான் போகிறார். எதில் என்ன போட்டிருக்கிறது என்று விசாரித்து, பந்தி முழுக்க அறிவிக்கிறார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

எந்த நாட்டில் வாழ்க்கை உசத்தி என்று இனி யாராவது என்னைக் கேட்டால், ஒரே ஒரு எதிர்க்கேள்விதான் வைத்திருக்கிறேன் — உங்கள் வீட்டில் யாருக்கு, என்ன ஆகாது?