இலை இல்லாமல் வந்தவர்

பூச்சிமருந்துக் கடையில் விற்பதைவிட விற்காமல் இருப்பதுதான் கஷ்டம். நாள் முழுக்கக் கடையில் நின்று கால் வீங்கியவர்களே, கொஞ்சம் கேளுங்கள்.

பாதித் தூக்கம்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் எனக்கு அந்த வேலை. கடையிலிருந்து பார்த்தால் மலை தெரியும். உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டால் நின்றபடியே எனக்குப் பாதித் தூக்கம்தான். விவசாயிகள் பூச்சி அரித்த இலையைத் துண்டில் முடிந்து கொண்டுவருவார்கள். அதைப் பார்த்துத்தான் மருந்து எடுப்போம். அன்று அடி அண்ணாமலை கிராமத்து ஏழுமலை வந்தார். துண்டில் முடிச்சு இல்லை. "ஏதாச்சும் ஒண்ணு குடுங்க" என்றார். கனவில் நடப்பதுபோல நானும் புட்டியை எடுத்துவிட்டேன். வாய் மட்டும் பழக்கத்தில் கேட்டது: "இலை எங்கங்க?"

அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயிரு ஏதுங்க, கெணறே காஞ்சிப்போச்சு."

லோடு வரவில்லை

பயிரே இல்லாதவருக்கு மருந்து எதற்கு? என் தூக்கம் போய்விட்டது. "இது பழசுங்க, புது லோடு இன்னும் வரல" என்று புட்டியை உள்ளே வைத்துப் பூட்டினேன். பெஞ்சில் உட்காரவைத்து டீ சொன்னேன். சுற்றிவளைக்கத் தெரியாததால் நேராகவே கேட்டுவிட்டேன்: "செத்துப்போலாம்னு இருக்கீங்களா?"

டீ ஆறும்வரை அழுதார். "இத்த யாருமே என்னாண்ட கேக்கலிங்க" என்றார். கடையைச் சாத்திவிட்டு பஸ்ஸில் கூடவே போய், அவர் மனைவி முனியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். கடை பூட்டிக் கிடந்த காரணத்தைச் சொன்னதும் முதலாளி கேட்டார்: "நீ மருந்து விக்க வந்தியா, ஒளிக்க வந்தியா?"

முடிச்சு

அதன்பிறகு மாத்திரை வாங்க டவுனுக்கு வரும்போதெல்லாம் ஏழுமலை கடை பெஞ்சில் வந்து உட்காருவார். மேகம் மெல்ல மலையைவிட்டு இறங்குவதை இருவரும் பார்ப்போம். கிளம்பும்போது, "லோடு வந்துச்சா?" என்பார். "வரலிங்க" என்பேன். அலமாரி நிறையப் புட்டிகள் இருப்பது இருவருக்கும் தெரியும்.

மழை பெய்து இரண்டு மாதம் கழித்து முனியம்மாவோடு வந்தார். துண்டில் முடிச்சு. அவிழ்த்தால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை இலை, முழுக்க ஓட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஓட்டை வழியே மலை தெரிந்தது. ஏழுமலை சிரித்தார்: "பூச்சி ஜாஸ்திங்க. இப்பவாவது லோடு வந்துச்சா?"

பயிரில் பூச்சி விழுந்ததற்காக மலையைக் கும்பிட்ட மருந்துக்கடைக்காரன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன், இருந்தாலும் புட்டியை முனியம்மா கையில்தான் கொடுத்தேன்.