செவலை யார் வளர்த்த குதிரை?

லாயத்தில் பயிற்சியாளரைக் கடுகு என்றுதான் சொல்வார்கள், காதில் விழாத தூரத்தில் நின்று. தீவனத்தில் தூசி கண்டால் பொரிவார். லாடம் கொஞ்சம் தள்ளி அடித்திருந்தாலும் பொரிவார். பாதி வயசைப் பந்தயக் குதிரைகளைப் பழக்குவதிலேயே கழித்தவரிடம், வீட்டுக்கு வரும்போதெல்லாம் மனைவியின் அண்ணன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"ஓடுறது குதிரை. ஓட்டுறது ஜாக்கி. நடுவுல நீங்க என்னதான் பண்றீங்க மாப்பிள்ளை?"

பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்.

அந்த வருஷம் அவர் உயிரை வாங்கியது செவலை. நல்ல வம்சம், நல்ல கால், ஓடத்தான் மனசில்லை. கடைக்குப் போய் வருவதுபோல ஆற அமரப் பந்தயத்தை முடித்துவிட்டு வரும். அவரும் விடவில்லை. தினமும் வேக ஓட்டம் வைத்தார். பக்கவாட்டில் பார்க்காதபடி கண்ணுக்கு மறைப்புக் கட்டினார். ஜாக்கியை மாற்றினார். திரும்பவும் கடைசி. ஒரு நாள் காலை, முன்னங்காலைத் தடவிப் பார்த்துவிட்டுப் பின்னால் போனவரைச் செவலை ஒரே உதை. முழங்கால் எலும்பு விரிசல் விட்டு, மாவுக்கட்டோடு வீட்டுக் கட்டிலில் வந்து விழுந்தார்.

லாயம் தங்கை கைக்குப் போனது. கூடவே வேலை பார்ப்பவள்தான் என்றாலும் தீவனம், மருந்து தவிர எதையும் அவளிடம் அவர் விட்டதில்லை. கட்டிலில் இருந்தபடியே ஃபோனில் விரட்டினார்.

"இன்னைக்கு வேகமா ஓட விட்டியா?"

"ம்."

அந்த 'ம்' அவருக்குப் பிடிக்கவில்லை. காலை அசைக்க முடியாதவர் என்ன செய்வார்?

அடுத்த பந்தயத்தை மனைவியின் ஃபோனில் பார்த்தார். கடைசி வளைவில் செவலை வெளிப்பக்கமாக வந்து, எல்லாவற்றையும் தாண்டி ஜெயித்தது. மாவுக்கட்டை மறந்து எழப்போனவரை மனைவி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். சாயங்காலம் தங்கை வந்ததும், "பார்த்தியா? வேக ஓட்டத்தை விடாதேன்னு சொன்னேனே" என்றார்.

"நீ சொன்ன எதையும் நான் பண்ணல அண்ணா. அதுக்கு ஓட்டமே வெறுத்துப் போயிருந்துச்சு. காலையில மரத்தடிப் பாதையில சும்மா நடக்க விட்டேன். அதுக்கா தோணினப்போ ஓடுச்சு."

"அப்போ இத்தனை மாசம் நான் பண்ணினது?"

"அது உடம்புல இருந்துச்சு. இல்லன்னா இன்னைக்கு மூச்சு தாங்கியிருக்காது."

அவள் சமாதானம் சொன்னதுதான் அவரை இன்னும் எரித்தது. இதற்கிடையில் குதிரை முதலாளி ஃபோன் செய்து, எல்லாம் தான் பார்த்து வாங்கிய வம்சம் என்றார். மனைவியின் அண்ணன், "நீங்க படுத்தே இருங்க மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு ஜெயிக்கட்டும்" என்றார்.

அதற்கடுத்த பந்தயத்துக்கு ஊன்றுகோலோடு போனார். காலையில் மழை பெய்து தரை சொதசொதவென்று கிடந்தது. செவலை நடுவிலே எங்கேயோ வந்தது. முதலாளி நேரே தங்கையிடம் போனார்.

"உங்க அண்ணன் லாயத்துல இருந்திருந்தா இப்படி ஆகுமா?"

"அண்ணன் இருந்தப்போ கடைசியில வந்துச்சு சார்" என்றது பின்னாலிருந்து கடுகின் குரல். தன் வாயா இப்படிச் சொல்கிறது என்று அவருக்கே ஆச்சரியம். "முன்னால ஓடுற குதிரை சேறு வாரி முகத்துல அடிச்சா இது பின்வாங்கும். அதுக்கு அவ என்ன பண்ணுவா?"

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். தங்கை அண்ணனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பார்க்காதே, போய்க் குதிரையைத் துடை" என்று சிடுசிடுத்தார்.

கட்டுப் பிரித்த பிறகு செவலையின் காலை நேரத்தை அவளுக்கே விட்டுவிட்டார். விட்டாரே தவிர, அது மரத்தடியில் நின்று இலையை மோந்து பார்க்கும்போதெல்லாம் வேலிப் பக்கம் நின்று பல்லைக் கடித்தார். அதற்குப் பிறகு அந்த வருஷத்தில் அது இரண்டு தடவை ஜெயித்தது, மூன்று தடவை தோற்றது. எது யாரால் என்று அண்ணனும் தங்கையும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.