ஆற்றிடம் சொல்லிவிட்டு வந்தோம்

தொண்ணூற்றேழு வாக்கில் நாங்கள் அமெரிக்காவில் சான் ஹோசேயில் இருந்தோம். மனைவிக்கு ஏழாவது மாதம். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் சனிக்கிழமைகளில் பக்கத்து நூலகம் வரை நடப்போம். அப்படிப் போன ஒரு நாள் அங்கே ஆவணப்படம் போட்டார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி மூதாட்டி ஒருவர் தன் வாழ்க்கையையும் தன் மக்களின் சிந்தனையையும் சொல்லும் படம். அவரே வந்திருந்தார். கம்பளித் தொப்பியும் பூப்போட்ட சட்டையுமாக முன்வரிசையில் இருந்தார்.

சிறுமியான அவரை அரசாங்கம் அம்மாவிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன கட்டத்தில், விசிஆர் டேப்பைக் கடித்துக்கொண்டது. "யாருக்காவது இதைத் திறக்கத் தெரியுமா?" என்று நூலகப் பெண்மணி கேட்டார். மனைவி என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். சிப் டிசைன் பண்ணுகிறவனுக்கு விசிஆரும் தெரியும் என்பது அவள் நம்பிக்கை.

நான் ஸ்க்ரூ டிரைவரோடு மல்லாடிக்கொண்டிருக்க, மூதாட்டி எழுந்து மீதியைத் தானே சொல்லத் தொடங்கினார். வளர்ந்து ஊர் திரும்பியபோது அம்மா இல்லை. அம்மாவின் மொழியும் இவருக்குத் தெரியவில்லை. அத்தைகள் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், "உன் பிள்ளை வந்துவிட்டாள்" என்று ஆற்றிடம் உரக்கச் சொன்னார்களாம்.

"நிலத்துக்குக் காது கேட்கும். யார் வந்திருக்கிறார்கள் என்று அதனிடம் சொல்வதுதான் மரியாதை" என்றார்.

ஒருவழியாக டேப் ஓடியது. உடனே அவர் திரையில் தெரிந்த தன்னையே காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "இனி அவளே சொல்லட்டும். என்னைவிடச் சின்னவள், ஞாபகம் நன்றாக இருக்கும்." கூடமே சிரித்தது.

வெளியே வரும்போது மூதாட்டி என் மனைவியின் வயிற்றைப் பார்த்து, "இந்தக் குழந்தைக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.

நான் திருநெல்வேலி என்றேன். அதே நேரத்தில் அவள் சான் ஹோசே என்றாள்.

"அப்படியென்றால் இரண்டு ஊரிடமும் சொல்லிவிடுங்கள்."

மறுநாள் ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றுக்குப் போனோம். கணுக்கால் அளவு தண்ணீர். தலைக்கு மேல் ஃப்ரீவே பாலம் இரைந்தது.

"நீங்களே சொல்லுங்க, எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள் மனைவி.

"இங்கிலீஷ்லயா, தமிழ்லயா?"

"தமிழ்லயே சொல்லுங்க. அது அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

"எங்க வீட்ல ஒரு குழந்தை வரப்போகுது. கொஞ்சம் பாத்துக்க" என்றேன். ஜாகிங் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பெண் பிறந்தாள். ஊருக்குக் கூட்டிப்போக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாமிரபரணிப் படித்துறையில் இறக்கிவிட்டதும், நான் வாய் திறக்குமுன் அவளே "ஹாய், ரிவர்" என்றாள். சொன்ன கையோடு ஒரு செருப்பைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தாள். அதைப் பிடிக்க நான் பேன்ட்டோடு இறங்க வேண்டியதாயிற்று.