சனிக்கிழமை மூன்று மணிப் படம்

2004 ஜூலை 10, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் ஆறு முதல் ஆறே முக்கால் வரை தண்ணீர் வந்தது. சவரம், குளியல். இட்லிக்கு முன்னால் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் போன வாரமே வடிந்துவிட்டதால் செங்கம் ரோட்டில் சைக்கிள் தடையில்லாமல் போனது. பத்தே காலுக்கு சிடி கடை. மூன்று மணிக்குப் படம். என் பழைய டைரியின் அந்தப் பக்கத்தில் இதுவரை எல்லாம் என் வழக்கமான கையெழுத்தில்தான் இருக்கிறது.

நான் நில அளவைப் பிரிவில் வரைவாளனாக இருந்தேன். ஒரு வரப்பு மயிரிழை நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஆபீசில் பெயர். வீட்டில் அதிகம் பேசமாட்டேன். சண்டை எதுவும் கிடையாது, பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருக்க ஆரம்பித்தால் அது எவ்வளவு சுலபமாகப் பழகிவிடுகிறது என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு சிடி பிளேயர் வாங்கியபோது, சனிக்கிழமை மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து ஆவணப்படம் பார்ப்பது என்று ஆரம்பித்தோம். சினிமா வேண்டாம் என்றவள் அவள்தான். ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒருவர் சிடி கடை வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர். நான் தட்டில் குனிந்து ஒவ்வொரு உறையாகப் புரட்டுவதைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வரும். "புதுப்படம் எவ்ளோ வந்திருக்குது சார்! நீங்க என்னடான்னா பூச்சி, பல்லின்னு எடுத்துனு போறீங்க. அக்கா ஒருநாள் பொறந்த ஊட்டுக்குப் பஸ் ஏறிடப் போறாங்க" என்பார்.

தேர்வு செய்வதில் எனக்குச் சில விதிகள் இருந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. போர், நோய், பஞ்சம் கூடாது. நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்தில் தொடர முடியவேண்டும். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். அதோ குட்டி தண்ணீரில் இறங்குகிறது, தாய் திரும்பிப் பார்க்கிறது என்று, படத்தில் வசனம் எதுவும் இல்லாத இடத்திலும் சொல்வேன். பிறகு டைரியின் கடைசிப் பக்கங்களில் குறிப்பேன். கடல்: பிடித்தது. யானை: மிகவும் பிடித்தது. பாலைவனம்: பிடிக்கவில்லை. அந்தப் பாலைவனப் படத்தில் வெறும் மணலும் இசையும். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு மணல் பிடிக்காது என்று முடிவு செய்து, அதற்குப் பிறகு அந்த வகையை எடுக்கவே இல்லை.

அன்று கடலாமை. காலையில் பிளேயரைத் துடைத்தபோது பின்னால் இருந்த மூன்று வயர்களையும் கழற்றியிருந்தேன். திரும்ப மாட்டும்போது வெள்ளையும் சிவப்பும் சரியாக உட்கார்ந்துவிட்டன. படத்துக்கான மஞ்சள் வயர் மட்டும் உட்காரவில்லை. அது எனக்குத் தெரியாது. மூன்று மணிக்கு பட்டனை அழுத்தினேன். அடுப்பில் டீ பொங்கும் சத்தம் கேட்கவே திரையைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

பொங்கி வழிந்ததில் மிஞ்சிய ஒரே ஒரு டம்ளர் டீயோடு நான் திரும்பி வந்தபோது டிவியில் அலைச் சத்தமும் இங்கிலீஷ்காரனின் குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. திரை முழுக்க வெறும் நீலம். அதன் மூலையில் ஒரே ஒரு எழுத்து வரி. அவள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கடலு எவ்ளோ நீலம் பாருங்க" என்றாள். "ஆமை இன்னும் வரலீங்களா?"

முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தில் அது இல்லை.

"எங்கையில எத்தினி டம்ளர் இருக்குது?" என்று கேட்டேன்.

"ரெண்டு" என்றாள். எப்போதும் இரண்டுதான் கொண்டுவருவேன்.

டம்ளரைத் தரையில் வைத்தேன். ஒரே ஒரு சத்தத்தோடு நின்றதிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்து விரல்களில் சுற்றிக்கொண்டாள்.

"ஒரு வருசமாவே இப்படித்தாங்க. வெளிச்சம் தெரியுது, கலர் தெரியுது. உருவம் கலங்கிப்போவுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரி, ஊசின்னு இழுத்துனு போவீங்க. கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குப் படம்னு சிடியும் எடுக்க மாட்டீங்க." சுற்றிய முந்தானையைப் பிரித்தபடி, "படம் போட்டாத்தானே நீங்க எங்கிட்ட ஒரு மணி நேரம் பேசறீங்க" என்றாள்.

மஞ்சள் வயரைச் செருகிவிட்டு முதலிலிருந்து படத்தைப் போட்டேன். ஆமை கரையேறியது, குழி தோண்டியது, முட்டையிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. குறிப்பில், கடலாமை, ஐம்பது நிமிடம் என்று எழுதியிருக்கிறேன். பிடித்ததா என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

திங்கட்கிழமை வேலூரில் கண் டாக்டர் அவள் கண்களை நெடுநேரம் பார்த்தார். சர்க்கரை விழித்திரையைத் தின்றுவிட்டது, ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் லேசர் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அந்த ஒரு வருடத்தின் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் டைரியில் இருக்கிறது. எந்தப் படம், எத்தனை நிமிடம், அவள் எங்கே சிரித்தாள் என்பது வரை இருக்கிறது. அவள் இப்போது இல்லை. கண்ணுக்குப் பின் சிறுநீரகம் போயிற்று. டிவியில் இன்று நாள் முழுவதும் விலங்குகளைக் காட்டும் சானல்கள் வருகின்றன. எதைப் போட்டாலும் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறேன். பக்கத்தில் யாருக்கும் வரிக்கு வரி சொல்லாமல் அவற்றைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அந்த ஜூலைச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு. டாக்டரைப் பார்க்கத் திங்கள் வரை காத்திருக்கவேண்டும். விழித்ததும் முதல் வேலையாக, குழாயடிக்குப் போகாமல், அவள் பின்னாலேயே வாசலுக்குப் போனேன். தண்ணீர் தெளித்து, விரலால் தரையை அளந்து அளந்து புள்ளி வைத்தாள். புள்ளிகள் நேராகத்தான் இருந்தன. இழைகள்தான் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. பக்கத்தில் நேற்றைய கோலத்தின் மிச்சம், அதிலும் அப்படியே. ஒரு வருடமாக இதைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போய் மற்றவர்களின் வரப்புகளைச் சரிபார்த்திருக்கிறேன்.

அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் ரெண்டு விரக்கடை இந்தப் பக்கம் வா" என்றேன். "ம், இன்னும் கொஞ்சம். இப்ப இழு."