அவள் என்ன சாப்பிட்டாள்

என் மனைவி மெல்லும்போது காதோரம் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் வரும். திருக்கோவிலூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எலும்பைக் கடித்தபோது சத்தம் பலமாகவே கேட்டது. சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

“இன்னாடி, வாய்க்குள்ள செக்காட்டிக்கினு கீறியா?” என்றேன். பந்தியே சிரித்தது, அவளும் சிரித்தாள். கறியை மட்டும் அப்படியே இலையில் வைத்து மூடிவிட்டாள்.

முன்பெல்லாம் எனக்குப் போட்டுவிட்டுக் கூடவே உட்காருவாள். அதன் பிறகு உட்காரவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை. எங்கள் பக்கம் ஆம்பளைகள் எழுந்த பிறகு பொம்பளைகள் அடுப்படியில் சாப்பிடுவதுதான் வழக்கம். அங்கே போய் எவன் எட்டிப் பார்க்கிறான்?

இரண்டு வருஷத்தில் ஆள் பாதியானாள். போன கரும்பு வெட்டின்போது கொல்லையில் ஒரு கால் செருப்பு இல்லாமல் வரப்பில் வந்தாள். கழன்று விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் முள் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. “கவனம் எங்கடி மேயுது?” என்று ஆட்களுக்கு முன்னால் கத்தினேன்.

புண் ஆறாமல் போகவே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், தாடையைப் படம் பிடித்தார். தாடை மூட்டில் வாதம், தேய்ந்துபோயிருக்கிறது என்றார். இரும்புச்சத்து, வைட்டமின் டி, பி12 எல்லாமே கம்மி. பி12 இல்லாமல்தான் கால் மரத்துப்போயிருக்கிறதாம்.

“வீட்ல என்ன சாப்பிடறாங்க?”

கேள்வி அவளுக்கு. முந்திக்கொண்டவன் நான். “எங்களுக்கு இன்னா கொறைச்சல், டாக்டரம்மா? ஞாயித்துக்கெழமையானா கறி. கல்வராயன் மலையிலேர்ந்து சாமையும் கொள்ளும் மூட்டையா வருது.”

“நீங்க வாங்கறத கேக்கல. இவங்க சாப்பிடறத கேட்டேன்.”

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். “கஞ்சித்தண்ணிதாங்க. டீல நனைச்ச பன்னு. மெல்ல முடியல. கறிய இவருக்கே போட்டுடுவேன்.”

இரண்டு வருஷமாக என் தட்டில் கறி ஜாஸ்தியாகத்தான் விழுந்தது. நானும் ருசித்துத் தின்றிருக்கிறேன். அந்த அறையில் எனக்கு உட்காரவே கூசியது.

ஊசி, மாத்திரையில் ரத்தம் ஏறிவிட்டது. கால் மரமரப்பு போகவில்லை. இத்தனை நாள் விட்டதால் முழுதாகச் சரியாகும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. இப்போது முருங்கைக்கீரையையும் பருப்பையும் குழைய வேகவைத்து நானே மிக்சியில் அரைத்துக் கொடுக்கிறேன். அன்றைக்குப் பந்தியில் கிண்டல் பண்ணியதற்கு மன்னிப்பும் கேட்டேன். “அதப் போயி நெனப்புல வச்சிக்கினு கீறீங்களா? வுடுங்க” என்றாள். குரலில் கோபமே இல்லை.

ஆனால் நான் எதிரில் உட்கார்ந்தால் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே இருக்கிறாள். ஆறிப்போகிறதே என்றால், “நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன், நான் சாப்பிட்டுடறேன்” என்கிறாள்.

தினமும் எழுந்து வெளியே போகிறேன்.