நடுவில் நின்று பேசுவதாகச் சொன்னேன்

ரெஜினா மிஸ் இறந்த செய்தி எனக்குப் பள்ளி இடைவேளையில் வந்தது. நாயுடுபுரத்தில் அவர் வீட்டுக்கு எதிரே குடியிருப்பவர் அழைத்தார். "காலைல ஜெபத்துக்கு உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல" என்றார். நான் வகுப்புக்குத் திரும்பி மீதிப் பாடத்தை நடத்தி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதினாறு ஆண்டுகள் நாங்கள் ஒரே பள்ளியில் வரலாறு நடத்தினோம். ஓய்வு பெற்றதும் அவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமோவாத் தீவினர் அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூல் எழுத உட்கார்ந்தார். இதை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். "நீ படிப்பேல்ல? தப்புக் கண்டுபிடிக்கவாவது படிப்ப" என்றார்.

படித்தேன். சமோவாவின் தூதர் கடல் கடந்து போய்ப் பாதுகாப்புக் கேட்கிறார். அமெரிக்கா ஒரு துறைமுகத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றுக்கொள்கிறது. பதிலுக்கு, வேறு நாட்டோடு சமோவாவுக்குப் பிணக்கு வந்தால் நடுவில் நின்று பேசி வைப்பதாகச் சொல்கிறது. பின்னாளில் அமெரிக்காவும் ஜெர்மனியும் அந்தத் தீவுகளைப் பங்கு போட்டுக்கொண்டன. நான் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'வெற்று வாக்கு' என்று பென்சிலில் எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது அதன் கீழே அவர் கையெழுத்து இருந்தது: 'சொன்னவர் செய்திருந்தால் வெற்று இல்லை.'

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என்னிடம் ஒன்று கேட்டார். அவருடைய தங்கை மேரி, பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். அந்தக் கல்யாணத்துக்கு மிஸ் போகவில்லை; பிறகு பேச்சும் நின்றுபோயிற்று. தவறு தன்னுடையது என்றார். நீங்களே போகலாமே என்றேன். சமோவாவில் பெரிய தலைவர் சபையில் தானாகப் பேசமாட்டார், அவருக்காகப் பேச ஒருவர் எழுந்து நிற்பார் என்று விளக்கினார். பிறகு குரல் இறங்கியது.

"நானே போனா வாசல்லயே சண்டை வந்துரும். நீ மாசாமாசம் உங்கம்மாவப் பாக்கப் பழனிக்குப் போறேல்ல. ஒரு வார்த்தை பேசி வையேன்."

சரி என்றேன்.

போனேன். மேரி கல்லாவில் இருந்தார். மிஸ்ஸின் அதே நெற்றி. வரிசையில் நின்று ஒரு டப்பா வாங்கினேன். அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் நான் யார் என்று தோன்றியது. திரும்பி வந்து டப்பாவை மிஸ்ஸிடம் கொடுத்தேன். மூடியிலிருந்த கடைப் பெயரைப் பார்த்துவிட்டு, "பேசினியா?" என்றார். கூட்டமாக இருந்தது என்றேன். "சரி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்." டப்பாவைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார். அடுத்த மாதமும் போனேன். அன்று கூட்டம் இல்லை. அன்றும் டப்பா மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கடை பூட்டியிருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

மூன்றாவது மாதம் வருவதற்குள் எதிர்வீட்டிலிருந்து அந்த அழைப்பு வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லோரும் கலைந்த பிறகு, செய்தி கேட்டு வந்திருந்த மேரி என்னருகே வந்தார். "அக்கா என்னயப் பத்தி எதும் சொல்லுச்சா?"

சொன்னேன். உங்களைப் பார்க்க ஆசைப்பட்டார், தவறு தன்மேல் என்று சொல்லச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார், நான் வந்தும் சொல்லவில்லை என்று.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீங்கதானா? ரெண்டு தடவ டப்பாவக் கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னீங்க. என்னமோ கேக்கப் போறாங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பிறகு நான் காட்டிய அலமாரியைத் திறந்து, பிரிக்காமலே இருந்த தன் கடை டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நூலின் தாள்களை மேரி என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அச்சுக்குக் கொடுக்கப்போகிறேன். ஓரத்தில் நான் எழுதியதை அழித்துவிட்டேன். அதன் கீழே அவர் எழுதியது அப்படியே இருக்கிறது. மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான்.