மண்வெட்டி படாத முப்பது அடி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தண்ணீருக்காகக் கையாலேயே துளை போட்டுக் குழாய் இறக்கும் கை போர்தான் தொழில். எந்த வேலைக்குப் போனாலும் குழாய் உள்ளேயே மாட்டிக்கொள்ளுமோ, சங்கிலி அறுந்து யார் தலையிலாவது விழுமோ என்று முதல் நாளே பயம் பிடித்துக்கொள்ளும். பசுமலைப் பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மேடம் வந்து, "தண்ணி வேணாம்ணே, கண்மாய்க்குள்ள மண்ணுதான் வேணும். அடுக்குக் கலையாம மூணு மீட்டர்" என்றபோதும் அப்படித்தான் பயந்தேன்.

தண்ணீரோடு வரும் வண்டல் கண்மாயில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படியுமாம். அந்தந்தக் காலத்துச் செடிகொடிகளின் மகரந்தமும் அதில் மக்காமல் கிடக்குமாம். எப்போது மழை, எப்போது வறட்சி, கரையில் என்ன முளைத்தது என்று அடியிலிருந்து படித்துக்கொண்டே வரலாம் என்றார். கண்மாயை நிரப்பக் கால்வாயில் தண்ணீர் திறக்க மூன்றே நாள் இருந்தது. அதற்குள் நல்ல மண் கிடைக்காவிட்டால் அவருடைய ஆராய்ச்சி அவ்வளவுதான். அடுத்த கோடை வரைக்கும் கல்லூரி காத்திருக்காது.

முதல் நாள் கண்மாயின் நடுவில், நானும் மச்சினனும் சம்மட்டியால் அடித்துக் குழாயை இறக்கினோம். இழுத்து, நீளவாக்கில் பிளந்தால் ஆளுயர ஆழத்தில் ஒரு ஷாம்பு பாக்கெட் பளபளத்தது.

"ராசா காலத்து ஷாம்பு போல மேடம்" என்றான் மச்சினன். மேடம் சிரிக்கவில்லை.

மறுநாள் கொஞ்சம் தள்ளி இறக்கினோம். செருப்பு வார் வந்தது. அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "நடுவுலதாண்ணே ஆழமாப் படிஞ்சிருக்கணும். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல."

எனக்குத் தெரியும். கோடைதோறும் அந்த நடுப்பகுதியில்தான் வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். பள்ளம் அடுத்த மழையில் கண்டதைக் கொண்டு மூடும். அனுமதிச் சீட்டு இல்லாமல் மாமனார் டிராக்டரில் நானே எத்தனையோ நடை அடித்திருக்கிறேன். சொன்னால் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்விடுமோ? படித்தவரிடம் போய் நான் என்னத்தைச் சொல்ல?

மூன்றாம் நாள் காலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "யார்ட்டயும் சொல்லிராதீங்க மேடம்."

அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப அள்ளாத இடம் எதுண்ணே?"

அப்படி ஓர் இடம்தான் உண்டு. கண்மாய்க்குள்ளேயே ஒரு சாமி பீடம். தண்ணீர் நிறைந்தால் முங்கிவிடும். பீடத்துக்கு முன்னால் முப்பது அடிக்கு யாரும் மண்வெட்டி போடமாட்டார்கள். இப்போது சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று புதுப் பயம். கரையில் இருந்த பூசாரியிடம் போய் நின்றேன்.

"மண்ண வயலுக்கு அடிக்கப் போறியளா?"

"இல்லய்யா, படிக்க."

"படிச்சா சாமிக்கு என்னடா கொறஞ்சிரும்? செருப்பக் கழட்டிட்டு எறங்கு."

கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு அடித்தோம். இழுக்கும்போது சங்கிலி கிறீச்சிட்டது. விடாமல் இழுத்தேன். குழாய் முழுசாக வந்தது. மர நிழலில் வைத்துப் பிளந்தோம். மேலே கறுப்பு, கீழே வெளிர் மஞ்சள், நூல் பிடித்தாற்போல ஒரு மணல் கோடு, அதற்கும் கீழே நத்தை ஓடுகள் கலந்த சாம்பல் நிறம். ஒன்றோடொன்று கலக்காமல், அடுக்கடுக்காக!

"அண்ணே!" என்று மேடம் கத்திய கத்தலில் கண்மாய்க் கொக்குகள் பறந்தன. மச்சினன் துண்டைச் சுழற்றி விசிலடித்தான். பூசாரி எழுந்து வந்து, "இம்புட்டு நாளா இதுக்கு மேலதான் நடந்துக்கிட்டு இருந்தமா?" என்றார்.

சில மாதம் கழித்துக் கல்லூரியில் மேடம் ஆராய்ச்சி முடிவைச் சொல்லும் நாளுக்கு என்னையும் அழைத்தார். மேல் ஒரு சாணில் சீமைக்கருவேல மகரந்தம். அது பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த மரம் என்பதால் அதற்குக் கீழே ஒன்றுகூட இல்லையாம். கோரையும் தாமரையும் இருந்த காலம், வற்றிப்போய்ப் புல் மட்டும் இருந்த காலம் என்று திரையில் காட்டிக்கொண்டே போனார். பேராசிரியர்கள் எழுந்து கைதட்டினார்கள். "இடம் சொன்னது இவர்தான்" என்று மேடம் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். பிளந்த குழாய் மேசையில் இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண், "இந்தக் கோடு என்ன?" என்று கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார்.

மணல் கோட்டின் மேல் விரலை வைத்தேன்.

"இது வெள்ளம். மணல இழுத்துக்கிட்டு வந்து போட்டிருக்கு" என்றேன். விரலை எடுக்காமல் அடுத்த அடுக்குக்கு நகர்த்தினேன்.